கர்னல் சர் இராமநாத் சோப்ரா
(எண்ணெயில் மறைந்த நஞ்சைத் தேடிய அறிஞர்)

போர்க்களத்தில் வாகை சூடினோரையும், அரசவையில் புகழ் பெற்றோரையும் உலகம் எளிதில் நினைவிற்கொள்ளும். ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடிக் குழாயைக் கையிற்பிடித்து, அதனுள் எழும் நிறத்தை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கி, அதனாற் பல்லாயிரவர் உயிரைக் காத்தோரை அஃது அத்துணை விரைவில் நினைப்பதில்லை. அத்தகையோருள் ஒருவரே கர்னல் சர் இராமநாத் சோப்ரா அவர்கள். இந்திய மருந்தியலின் தந்தை என அறிஞர் உலகம் அவரைப் போற்றுகின்றது. அவர்தம் நீண்ட வாழ்வில் பல அரிய செயல்கள் உளவேனும், நம் அடுக்களையோடு தொடர்புடைய ஒன்றைச் சிறப்பாக எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஒரு பகுதியாகிய மடவார் வளாகத்தை நம் மாணவருட் பலர் அறிவர். வைத்தியநாதர் என்னும் பெயருடைய இறைவனுக்கு அங்கே ஒரு பழங்கோயில் உளது. இராசபாளையத்தினின்று அவ்வழிச் செல்வோர், மழை குன்றிய காலத்தில் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் ஒரு முட்செடியைக் காணலாம். வெண்கோடுகள் ஓடிய சாம்பற்பச்சை இலைகள். இலை விளிம்பெங்கும் முட்கள். கண்ணைக் கவரும் மஞ்சட்பூ. தண்டை ஒடித்தால் வடிவதும் மஞ்சட்பாலே. இதனை நம்மவர் பிரமதண்டு என்பர். அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோ நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, நம் நாட்டு வறண்ட மண்ணெங்கும் குடியேறிய செடி இது. காய் முற்றி வெடித்தால் உள்ளிருந்து சிறுசிறு கருவிதைகள் சிதறும். அவற்றைக் கடுகோடு கலந்து ஒருவர் கையிற்கொடுத்தால், இது கடுகு, இது பிரமதண்டு எனப் பிரித்தறிதல் பெரும்பாலோர்க்கு அரிது. இவ்வரிய வேற்றுமையில்தான் வங்கநாட்டு மக்கள் பல்லாயிரவரின் துயரம் ஒளிந்து கிடந்தது. அதனை வெளிக்கொணர்ந்த நெடுமுயற்சியிற் பங்குகொண்டவரே நம் வரலாற்றுத் தலைவர்.

சோப்ரா அவர்கள் 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள், இன்று பாகிஸ்தானத்தில் உள்ள குஜ்ரன்வாலா என்னும் ஊரிற் பிறந்தார். லாகூர் அரசினர் கல்லூரியிற் கற்றபின் இங்கிலாந்து சென்று, 1903-இல் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டௌனிங் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே மருந்துகள் உடலில் செயற்படும் முறையை ஆராய்ந்துவந்த வால்டர் டிக்சன் என்னும் பேராசிரியரின் தொடர்பு அவருக்குக் கிட்டியது. ஒரு பொருள் மருந்தென ஊரார் கூறுவதாலோ, நஞ்சென நூலோர் எழுதியிருப்பதாலோ அமைந்துவிடாமல், அஃது உயிருள்ள உடலில் யாது செய்கின்றது என அளந்து காணவேண்டும் என்னும் நெறி அவ்விடத்தே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1908-இல் அவர் இந்திய மருத்துவப் பணியில் அமர்ந்தார். முதல் உலகப் பெரும்போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் படையினரிடையே தொண்டாற்றினார்.

போர் முடிந்தபின், 1921-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியின் மருந்தியற் பேராசிரியராக அவர் அமர்த்தப்பெற்றார். அக்காலத்தே நம் நாட்டில் மருந்தியல் தனக்கென ஆய்வுக்கூடம் பெற்ற தனித்துறையாக வளர்ந்திருக்கவில்லை. கருவிகள் குறைவு; பயின்ற துணைவர் குறைவு. அங்கிருந்தே அவர் ஒரு பெரும் ஆய்வு மரபை உண்டாக்கினார். பின்னாளில் அப்பள்ளியின் தலைவராகவும் விளங்கினார்.

நிற்க. அக்காலத்துக் கல்கத்தாவை அடிக்கடி அலைக்கழித்த ஒரு நோயைப்பற்றி ஈண்டுக் கூறவேண்டும். ஆங்கிலத்தில் எபிடெமிக் டிராப்ஸி என வழங்குவது அது. கொள்ளைநோய்போற் பரவும் நீர்வீக்கம் எனலாம். 1877-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் இஃது அறிஞர் கண்ணிற் பட்டது. அடுத்த ஆண்டுகளில் மொரீசியசுத் தீவில் குடியேறிய இந்தியத் தொழிலாளரிடையேயும் தோன்றியது. முதலில் வயிற்றுப்போக்கு, பின்னர் இரு கால்களிலும் வீக்கம், வீங்கிய இடத்தில் தோல் சிவந்து எரியும். சில நாட்களில் மூச்சிரைப்பு, இதயம் தளரும், சிலருக்குக் கண்ணினுள் அழுத்தம் மிகுந்து பார்வை கெடும், பலர் உயிரிழப்பர். ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றால் அவ்வீட்டார் பலரும் நோயுறுவர். ஆதலின் இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் நோயே எனப் பலர் நம்பினர். நோயாளியைத் தொட அஞ்சியோரும், வீட்டை விட்டு அகன்றோரும் உளர். ஆனால் அகன்று சென்றோர் உடன் எடுத்துச்சென்ற எண்ணெய்ப் பாத்திரத்தை ஒருவரும் ஐயுறவில்லை.

1920-களின் நடுவில் சோப்ராவும், அப்பள்ளியிற் பணிபுரிந்த ஆக்டன் என்னும் ஆங்கில மருத்துவரும் இந்நோயின் காரணத்தை ஆராயத் தலைப்பட்டனர். மழைக்காலத்தில் ஈரமும் புழுக்கமும் மிக்க கிடங்குகளில் அடைந்து கிடக்கும் அரிசியில் ஒருவகை நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சு விளைக்கின்றன. அந்நஞ்சு சமைத்தாலும் அழிவதில்லை. அதனாலேயே வீக்கம் உண்டாகின்றது என அவர்கள் முடிவு கட்டினர். இம்முடிவு கற்றோர் பலரால் ஏற்கப்பட்டது. அது முற்றிலும் அடிப்படையற்றதும் அன்று. நோயுற்றோர் பெரும்பாலும் அரிசியுணவினர். நோய் மிக்க காலமும் மழைக்காலமே. ஆயினும் ஒரு செய்தி கண்ணுக்குத் தப்பிற்று. வங்காளத்தில் அரிசி உண்ணும் வீட்டில் குழம்பும் கறியும் கடுகெண்ணெயிலேயே சமைக்கப்படும். இரண்டும் ஒரே இலையில் ஒருங்கே வந்தமையால், எண்ணெய் செய்த குற்றம் அரிசியின் தலையில் ஏறிற்று.

இதற்கிடையே, 1926-ஆம் ஆண்டில் சர்க்கார் என்னும் மருத்துவர் இந்தியன் மெடிக்கல் கெசட் என்னும் இதழில், கடுகெண்ணெயில் கலந்த பிரமதண்டு எண்ணெயே இக்கேட்டுக்குக் காரணம் ஆகலாம் என எழுதினார். அது சிறுகட்டுரை, அக்காலத்தே பெரியோர் பலரின் கவனத்தை ஈர்த்திலது. பத்தாண்டுகள் கடந்தன. கல்கத்தாவிலுள்ள அகில இந்தியச் சுகாதார நிலையத்தைச் சார்ந்த லால், ராய் என்னும் இருவர் நோய் தோன்றிய குடும்பங்களை வீடு வீடாக ஆராய்ந்து, 1937-இல் தம் முடிவுகளை வெளியிடலாயினர். அரிசியைத் தொடர்ந்து சென்றால் நோயின் வழி இடையில் அறுந்தது; எண்ணெயைத் தொடர்ந்து சென்றால் அது நேரே செக்கின் வாயிலையும் வணிகரின் கடையையும் சென்று சேர்ந்தது.

கோதுமை வயலில் பகைவன் களை விதைத்த உவமையை நாம் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். கடுகு வயலில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. பிரமதண்டு கடுகோடு வளர்ந்து, கடுகு முற்றும் பருவத்திலேயே தானும் முற்றும். அறுவடையில் இரண்டும் ஒருங்கே களம் சேரும். ஒருங்கே செக்கில் விழும். சிலவிடத்து இஃது உழவர் அறியாது நேர்ந்த கலப்பு. சிலவிடத்தோ, விலையின்றிக் கிடைக்கும் விதையைச் சேர்த்து எடையைப் பெருக்கிய வணிகரின் பேராசை. உண்டவர் உடல் இவ்விரண்டிற்கும் வேற்றுமை அறியாது. இரண்டிலும் அது வீங்கிற்று.

இனி நம் தலைவர் செய்ததைக் காண்போம். தாம் ஆக்டனோடு சேர்ந்து எழுதி நிலைநாட்டிய அரிசிக் கொள்கை ஒருபுறம். வேறு நிலையத்தார் காட்டிய எண்ணெய்ச் சான்று மறுபுறம். அப்போது சோப்ரா புகழின் உச்சியில் இருந்தவர், பள்ளியின் தலைவர். தம் கொள்கையைக் காக்க வேண்டி வாளாவிருந்தாலும் அவரைக் கேட்பார் இலர். ஆயினும் அவர் பாஸ்ரிச்சா முதலிய துணைவரோடு அவ்வினாவை மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குக் கொணர்ந்தார். பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உணவில் உண்டவரிடத்தே அந்நோயின் குறிகள் தோன்றுவதைக் கண்டு, 1939-ஆம் ஆண்டில் அதே இந்தியன் மெடிக்கல் கெசட்டில் வெளியிட்டார். அக்கட்டுரையின் முதற்பெயர் அவருடையதே. மனிதரிடத்துச் செய்த இத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ அறநெறிகள் எளிதில் இசையமாட்டா என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. எனினும், தாம் முன்னர் நாட்டிய கொள்கைக்கு மாறான முடிவைத் தம் பெயராலேயே உலகிற்கு அறிவித்த நேர்மை போற்றற்குரியது. பிறர் பிழையைக் காட்டுவோர் பலர். தம் பிழைக்குத் தாமே சான்று பகர்வோர் மிகச் சிலரே.

அந்நஞ்சின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். பிரமதண்டு விதையெண்ணெயில் சாங்குவினரின், டைஹைட்ரோசாங்குவினரின் என்னும் இரு நச்சுக் காரங்கள் உள. இவை 1948-இல் அவ்வெண்ணெயினின்று பிரித்தெடுக்கப்பட்டன. இவை உடலிற் புகுந்தால் மயிரிழை போன்ற நுண்குருதிக் குழாய்கள் விரிந்து கசியத் தொடங்கும். குருதியின் நீர்ப்பகுதி தசையில் ஊறி வீக்கமாகும். இந்நஞ்சு கலந்த எண்ணெய்க்குத் தனி நாற்றமோ சுவையோ இலதாதலின், நாவாலும் மூக்காலும் அதனைக் கண்டுகொள்ளுதல் இயலாது. சமைக்கும் சூடும் அதனைப் போக்கிவிடும் என நம்பி இருத்தற்கில்லை.

ஆய்வுக்கூடத்திலோ அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சோதனைக் குழாயில் எண்ணெயும் அதே அளவு அடர்ந்த நைட்ரிக் அமிலமும் ஊற்றிக் குலுக்கிச் சிறிது நேரம் நிறுத்தினால், கீழே தங்கும் அமிலப் படலம் செம்மஞ்சளாகவோ செந்நிறமாகவோ மாறும். நூற்றில் காற்பங்கு அளவு கலந்திருந்தாலும் இம்முறை பெரும்பாலும் காட்டிவிடும். வேறு சில பொருள்களும் இதுபோன்ற நிறம் தருதல் கூடுமாதலின், பெரிக் குளோரைடு சேர்த்துச் செந்நிற ஊசிபோன்ற படிகங்கள் தோன்றுகின்றனவா என நுண்ணோக்கியிற் காணும் இரண்டாம் சோதனையும் உண்டு. இன்று மென்படல நிறப்பகுப்பு முறையால், புறவூதா ஒளியில் அந்நஞ்சு ஒளிர்வதைக்கொண்டு, இவற்றினும் மிகச் சிறிய கலப்பையும் கண்டுவிடுகின்றனர். ஒரு குழாய் எண்ணெயும் சில துளி அமிலமும் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்றால், அவ்வறிவின் பெருமை எத்துணைத்து!

எண்ணெயில் மட்டுமன்று, மருந்திலும் கலப்படம் மலிந்திருந்த காலம் அது. வலுக்குறைந்தனவும் போலியுமான மருந்துகள் சந்தையிற் பெருகவே, 1930-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் மருந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்துச் சோப்ரா அவர்களையே அதன் தலைவராக்கினர். குழுவினர் நாட்டின் பல பகுதிகளையும் சுற்றி 1931-இல் அறிக்கை அளித்தனர். மருந்தைச் சோதிக்கச் சட்டமும், அச்சட்டத்திற்கு உயிரூட்ட ஆய்வுக்கூடமும் வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். அதன் பயனாக 1937-இல் கல்கத்தாவில் உயிர்வேதியியல் தரப்படுத்தும் ஆய்வுக்கூடம் தோன்றியது; பின்னர் அதுவே மத்திய மருந்து ஆய்வுக்கூடமாயிற்று. 1940-இல் மருந்துச் சட்டமும் நிறைவேறியது.

நாட்டு மூலிகைகளிடத்தும் அவர் கொண்ட பற்று பெரிது. ஆனால் அது கண்மூடிய பற்றன்று. பழமையானது என்பதனால் ஒன்றை ஏற்றலும், மேல்நாட்டார் அறியாதது என்பதனால் ஒன்றைத் தள்ளலும் அவருக்கு உடன்பாடல்ல. சர்ப்பகந்தி என்னும் மூலிகை வேர் குருதியழுத்தத்தைக் குறைப்பதை 1933-ஆம் ஆண்டளவில் அவரும் துணைவரும் ஆராய்ந்து காட்டினர். அம்மூலிகை பின்னர் உலகெங்கும் புகழ்பெற்றது. இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய அவருடைய பெருநூல் அதே 1933-இல் வெளிவந்தது. நம் நாட்டு நச்சுச் செடிகளைப் பற்றிப் பிறரோடு சேர்ந்து எழுதிய நூலும் உண்டு. மருந்தையும் நஞ்சையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த கை அவருடையது. 1941-இல் சர் பட்டம் பெற்று, கல்கத்தாப் பணியினின்று ஓய்ந்தபின்னும் அவர் சும்மா இருந்தாரல்லர். காஷ்மீர நாட்டில் மருத்துவத் துறையை நடத்தி, ஜம்முவில் மருந்தாய்வுக் கூடம் வளரப் பாடுபட்டார். 1946-இல் அமைந்த நாட்டு மருத்துவ முறைகள் பற்றிய குழுவிற்கும் அவரே தலைவர்; அதன் அறிக்கை 1948-இல் வெளிவந்தது. தொண்ணூறு அகவை நிறைந்த நிலையில், 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள் இயற்கை எய்தினார். 1983-இல் இந்திய அஞ்சல் துறையினர் அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டுச் சிறப்பித்தனர்.

அவர் மறைந்தபின்னும் பிரமதண்டு மறைந்திலது. 1998-ஆம் ஆண்டில் தில்லி மாநகரில் அதே நோய் மீண்டும் எழுந்தது. ஏறத்தாழ மூவாயிரவர் நோயுற்றனர். அறுபதின்மருக்கு மேல் உயிரிழந்தனர். காரணத்தை அறிந்து அறுபதாண்டுகள் கழிந்த பின்னும், அதனைக் காட்டும் சோதனை எளிதாயிருந்தும், இஃது எவ்வாறு நேர்ந்தது? அறிவு நூலில் இருந்தது. எண்ணெய் சோதிக்கப்படாமலே கடையில் இருந்தது. அவ்விடைவெளியே அவ்வுயிர்களைக் கொண்டது.

நாம் கடுகெண்ணெய் மிகுதியாக உண்பதில்லை, நமக்கு இக்கவலை எதற்கு என நம்மவர் எண்ணுதல் கூடாது. நம் அடுக்களையில் நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் உள. ஈரத்திற் கிடந்து பூசணம் பிடித்த நிலக்கடலையில் அப்ளடாக்சின் என்னும் கொடிய நஞ்சு தோன்றும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் கடலைப்பிண்ணாக்கு உண்டு மடிந்தபின்னரே உலகம் அதனை அறிந்தது. அந்நஞ்சும் புறவூதா ஒளியில் நீலமாய் ஒளிர்ந்து தன்னைக் காட்டும். இராசபாளையத்து மக்களுக்குப் பருத்தி பழக்கமான பொருள். அப்பருத்தியின் விதையிலும் காசிப்பால் என்னும் நச்சுப் பொருள் உண்டாதலின், அதன் எண்ணெய் காரத்தாற் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே உணவிற்காகும். நல்லெண்ணெயை ஐதரோகுளோரிக் அமிலத்தோடும் சிறிது சர்க்கரையோடும் குலுக்கினால் அமிலம் சிவக்கும். இது போதுவான் சோதனை எனப்படும். நெய்யில் வனஸ்பதியைக் கலப்போரைப் பிடித்தற்பொருட்டே, வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என விதி வகுத்தனர். நம் ஊர் எண்ணெய் கள்வனைக் காட்டும் காவலனாகவும் அமைந்தமை வியப்பன்றோ!

சென்னை மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியா முழுமைக்கும் 1954-இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. கிண்டி, மதுரை, பாளையங்கோட்டை முதலிய இடங்களில் அரசினர் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள. கூடம் இருத்தல் மட்டும் போதாது. அங்கே எண்ணெய் சென்று சேரவேண்டும். மரச்செக்கில் ஆட்டியது என்னும் பலகையைக் கண்டு அதனை ஐயமின்றித் தூயதென நம்புவோரும், புட்டியில் அடைத்து முத்திரையிட்டது என்பதனால் அமைதியுறுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். செக்கு பழமையானதாயினும் ஆலை புதியதாயினும், உள்ளே விழுந்த விதை யாது என்பதே வினா. பழமையும் புதுமையும் சோதனைக்கு உட்பட்டவையே என்பது சோப்ரா அவர்கள் தம் வாழ்வாற் காட்டிய நெறி.

இப்பெரியார் வரலாற்றினின்று மாணவராகிய நாம் கற்கவேண்டியவை இரண்டு. கண்ணுக்குத் தோன்றுவதையும் பலர் கூறுவதையும் கொண்டு முடிவு கட்டாது, அளந்து காணல் ஒன்று. அளந்து கண்டபின், அது நம் பழைய கருத்துக்கு மாறாயினும் அதனை ஒளியாது உரைத்தல் மற்றொன்று. இவ்விரண்டுள் பின்னதே கடினம். இலக்கியம் பயிலும் எம்போன்றோர்க்கும் அது பொருந்தும். பாடபேதம் ஆராயும்போது, நாம் விரும்பிய பாடத்தை விட்டுச் சான்றுள்ள பாடத்தைக் கொள்ளும் துணிவு நமக்கும் வேண்டுவதே.

அடுத்தமுறை மடவார் வளாகத்து வழியே செல்வோர் அம்மஞ்சட்பூவைக் கண்டால் சற்று நின்று பார்ப்பாராக. அச்செடி வஞ்சனை அறியாது; முள்ளும் காட்டி, நிறமும் காட்டியே நிற்கின்றது. அதன் விதையைக் கடுகென விற்ற கைகளே வஞ்சித்தன. அவ்வஞ்சனையை வெளிப்படுத்திய அறிஞர் புகழ் நிலைக்க. அவர் காட்டிய நேர்மை நம்மிடத்தும் வளர்க!